வரிசை நாற்பத்தேழு

சொல்லுக்குப் பன்னிரண்டு சதம்.
மருந்துக்கடைச் செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலை.
ஸ்காபரோ, எல்ஸ்மியர் வீதி, ஒன்பதாம் மாடி,
குசினி மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் பாதி உரித்த வெங்காயம்.

வரிசை நாற்பத்தாறு வரை தடையில்லை.
முகவரி. பிறந்த திகதி. ஒவ்வாமை.
நாற்பத்தேழில் நோட்டிபிகேஷன் நின்றது,
பனிச் சப்பாத்தைக் கழற்றாமல்
வீட்டுக்குள் வந்துவிட்ட ஆளைப் போல.

அறிவித்தல் என்று அடித்தேன்.
எங்கள் பக்கத்தில் அதுதான் சொல்.
அடித்த விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது.

சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட ஞானச்சந்திரன்
டாக்சியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார்.
"தங்கச்சி, உங்களுக்கு ஒரு புதிய அறிவித்தல் எண்டு வருது.
ஆர் செத்தது?"
ஒருத்தரும் இல்லை அண்ணை,
உங்கட பிரஷர் குளிசை தயாராம்.
"அதை ஏன் இப்பிடிச் சொல்லுறியள்."
அவருக்குப் பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

அவரில் பிழையில்லை.
இருபத்தெட்டு வருஷமாக எங்களுக்கு அந்தச் சொல்
கறுப்புக் கரையோடுதான் வந்திருக்கிறது.
வட்டத்துக்குள் ஒரு முகம்.
பிறந்த இடம் ஒன்று, வாழ்ந்த இடம் மூன்று.
இன்னாரின் பாசமிகு, இன்னாரின் மைத்துனர்,
பார்வைக்கு வைக்கும் நேரம், கார் விடும் இடம்,
கடைசி வரியில் எப்போதும் அதே வேண்டுகோள்:
உற்றார் உறவினர் நண்பர்கள்
இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

என் எழுத்தைத் திருத்துகிற பூங்கோதை
கோவில்பட்டிக்காரி, வான்கூவரில் இருக்கிறாள்.
அறிவிப்பு என மாற்றி அனுப்பினாள்.
அவளுக்கு அது ரயில் நிலையம்.
பயணிகளின் கனிவான கவனத்திற்கு,
வண்டி தாமதம், கையில் சூடாக டீ.
எனக்கு அது ஒலிபெருக்கி கட்டிய ஜீப்.
எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை
வெளியே தலை காட்டக்கூடாதென்று
வாசித்துக்கொண்டே ஒழுங்கை திரும்பும்.
இதை அவளுக்கு எழுதவில்லை.
குறிப்பில் "வட்டார வழக்கு" என்று மட்டும் போட்டேன்.

"நோட்டிபிகேஷன்னே போட்டுடலாமேக்கா,
எல்லாருக்கும் புரியும்."
புரியும். அதில்தான் எனக்குச் சந்தேகம்.
அறி என்பது வினை. அதற்குப் பின்னால் ஒரு வி.
அந்த ஓரெழுத்துதான்
ஒருவர் அறிந்ததைத் தூக்கி
இன்னொருவர் தலையில் வைக்கிறது.

குளிர்பெட்டியைத் திறந்தபடி மகன் சொன்னான்,
அது வெறும் பிங் தானேம்மா.
நாளுக்கு இருநூறு வருகிறது அவனுக்கு.
ஒன்றுக்கும் அவன் எழும்பி நின்றதில்லை.
எனக்கும் அப்படித்தான் வந்தது போன மாசியில்,
ஷாம்பூ இருபது வீதக் கழிவுக்கும்
உறைமழை எச்சரிக்கைக்கும் நடுவே
பெரியக்காவின் பெயர்.
மேசையில் போன் அதே அளவுதான் நடுங்கியது.
கழிவைத்தான் முதலில் திறந்தேன்.

பூங்கோதை கடைசியில் விட்டுக்கொடுத்தாள்.
பொத்தானின் அகலம் விடவில்லை.
திரையில் அறிவித்தல்கள்
"அறிவித்த..." என்று முறிந்து நின்றன.
பெயரெச்சம்.
யார், எதை, பெயர் இன்னும் வந்து சேரவில்லை.

வரிசை நாற்பத்தெட்டு.
செயலியை முதன்முதல் திறக்கும்போது கேட்பது.
அறிவித்தல்களை ஏற்றுக்கொள்கிறீர்களா?
யோசித்து எழுதியதில்லை, கை பழக்கத்தில் போட்டது.
கீழே இரண்டு பொத்தான்.
ஆம்.
இப்போது வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஞானச்சந்திரனின் அறிக்கை வந்தது.
பதினாறு தரம் திறந்திருக்கிறார்.
பதினாறு தரமும் இப்போது வேண்டாம்.
பிழைகள் என்ற கட்டம் வெறுமை.
அதற்குக் கீழே, எழுத்துப்பிழையோடு,
பொத்தான் நல்லா வேளை செய்யுது.